துடைப்பமில்லாத ஓட்டல்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் காசு கூடிவிட்டதா, புத்தி குறைந்துவிட்டதா என்று அம்மாசியால் முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம்.

"இத்தக் கேளு சகினா. மைலாப்பூர்ல சொந்த வூடு. மெத்த கீது, ஃபேன் கீது, நல்ல தண்ணி கீது. அத்தப் பூட்டிட்டு ஒரு மைலு தள்ளி வந்து ஓட்டல்ல ரூம் போட்டுத் தங்கறாங்களாம். இன்னாத்துக்கு?"

"ஸ்டேகேஷன், நைனா," என்றாள் சகினா, ஆட்டோவை ஓரங்கட்டியபடி. "லீவுக்கு வெளியூர் போவாம ஊர்லயே தங்கறது."

"ஊர்லயே தங்கறதுக்கு வூடுன்னு பேரு. நான் அறுவது வருசமா அத்தத்தான் பண்ணிக்கினு கீறேன். எவனும் எனக்கு வாசல்ல ஜூஸ் குடுக்கல."

"உன் மூஞ்சியப் பாத்தா தண்ணியே குடுக்கத் தோணாது. எறங்கு."

அம்மாசி இறங்கினார். திருவல்லிக்கேணி லாட்ஜ் ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் வாட்ச்மேனாக இருந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஒருவன் பெட்டியைத் தூக்குகிற தூக்கிலேயே, அவன் வாடகை கொடுத்துவிட்டுப் போவானா, ஜன்னல் வழியாகப் போவானா என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமையை வீணாக்காமல் மயிலாப்பூரில் ஒரு இஸ்திரிக் கடைக்கு மேலே 'அம்மாசி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியிருந்தார். நிலையத்துக்கு ஒரு நாற்காலி, ஒரு உதவியாளர். உதவியாளர் சகினாவுக்கு நாற்பத்திரண்டு வயது. சொந்த ஆட்டோ, சொந்த வாய்.

சாந்தோம் கடலோரத்தில் ஓட்டல் நீலத்திரை அலை மாதிரி வளைந்து வெள்ளையாக நின்றது. ஏழு மாடி, எல்லாம் கண்ணாடி. வாசலில் வழக்கமாகப் பெரிய கார்கள் வந்து நிற்கும் இடத்தில் அன்று பதினோரு மீன் கூடைகள் வரிசையாக நின்றன. கூடைக்குப் பின்னால் நொச்சிக்குப்பத்துப் பெண்கள் பதினோரு பேர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முனியம்மாள்.

"வா அண்ணே," என்றாள் முனியம்மாள். குரலில் வழக்கமான காரம் இல்லை. "எம் பொண்ணு திருடிட்டாளாம். நிலாவ உள்ள உக்கார வெச்சிக்கினு கீறானுங்க. நாலு மணிக்குப் போலீசக் கூப்புடுவானாம். நாளைக்கு அவளுக்கு நெரந்தர வேலக்கி ஆர்டர் வர்ற நாளு அண்ணே. எங்க குப்பத்துலேர்ந்து இந்த ஓட்டல்ல நெரந்தரமாவப் போற மொத ஆளு அவ."

"எடுத்தாளா?"

"இன்னாண்ண கேக்கற?"

"கேக்கறதுதான் என் தொழிலு. எடுத்தாளா, இல்லியா?"

"இல்ல!"

"சரி. உன்ன நம்பறதா இல்லியான்னு அப்பால சொல்றேன்."

உள்ளேயிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் ஓடி வந்தார். மேனேஜர் ஸ்ரீநாத். காதில் ஒரு கருவி, உதட்டில் ஒரு சிரிப்பு. இரண்டையும் தூங்கும்போதுதான் கழற்றுவார் போலிருந்தது.

"சார், நீங்க அந்தப் பொண்ணோட வக்கீலா?"

"இல்ல. இந்தக் கூடையில கீற வஞ்சிரத்த வாங்கறவன்."

"துப்பறியறவரு," என்று சகினா திருத்தினாள். "இவர உள்ள வுட்டா கூடைங்க ஓரமாப் போயிரும். வுடலன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல வெயிலு ஏறும். மீனு உங்களுக்குப் பதில் சொல்லும்."

ஸ்ரீநாத் காற்றை ஒருமுறை மோந்து பார்த்தார். "நாலு மணி வரைக்கும்தான் சார்," என்றார்.

லிஃப்டில் போகும்போதே விவரம் சொன்னார். 407-ஆம் அறையில் ரிடையரான கணக்கு வாத்தியார் பத்ரிநாராயணன், அவர் மனைவி சூடாமணி. பக்கத்து அறையில் மகள் ஷ்ரேயா, சிங்கப்பூரிலிருந்து வந்தவள். அம்மா அப்பாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்காக இரண்டு நாள் இங்கே தங்க வைத்திருக்கிறாள். காணாமல் போனது சூடாமணியின் வைரத்தோடு, ஏழு கல், மூன்று தலைமுறையாக வந்தது. புகார் கொடுத்தது ஷ்ரேயா.

"கதவு பூட்டுல எல்லாம் பதிவாகும் சார். காலைல அஞ்சரைக்கு சார் வாக்கிங் போனார். ஆறு பத்துக்கு மேடம் ஸ்பாவுக்குப் போனாங்க. எட்டரைக்கு நிலாவோட கார்டுல கதவு திறந்திருக்கு. அப்புறம் ஒன்பது நாற்பதுக்கு மேடம் திரும்பி வந்தாங்க. நடுவுல வேற யாரும் போகலை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"மனுஷங்கதான்."

"அப்ப சொல்லும்," என்றார் அம்மாசி.

407-இன் வாசலிலேயே ஷ்ரேயா அவர்களை மறித்தாள். கையில் போன். "ஒரு சின்ன ரிக்வெஸ்ட். அந்த ஹவுஸ்கீப்பிங் பொண்ணு விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. ஹோட்டல்ல தேடிண்டிருக்கான்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். அவளுக்கு பி.பி. இருக்கு. நீங்களும் அப்படியே..."

"பெத்தவங்களாண்ட மறைக்கறது, புள்ளங்களாண்ட மறைக்கறது. எல்லாம் ஒரு ஃபேஷனாப் பூட்ச்சி," என்று முனகிக்கொண்டே அம்மாசி உள்ளே போனார்.

அறை முழுக்க வெள்ளை. எதன் மேல் உட்காருவது, எதை மிதிப்பது என்று தெரியாத அளவுக்கு வெள்ளை. பத்ரிநாராயணன் நாற்காலியில் நிமிர்ந்து, கரும்பலகைக்கு முன் உட்கார்ந்த மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு தட்டு நிறைய வெளிநாட்டுப் பழங்கள், தொடப்படாமல்.

"அப்பா, ஒண்ணாவது எடுத்துக்கோங்கோ. காலம்பற பஃபேல நூறு ஐட்டம் இருந்தது. ஒரு பப்பாளித் துண்டோட எழுந்துண்டுட்டேள்."

"பசி இல்லம்மா," என்றவர் ஒரு ஏப்பத்தைக் கர்ச்சீப்புக்குள் மறைத்தார்.

பப்பாளிக்கு இத்தனை திருப்தியான ஏப்பம் வருமா? அம்மாசி அவர் கழுத்தைப் பார்த்தார். சட்டைக் காலரின் மடிப்பில் மஞ்சளாக ஏதோ ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் மனதுக்குள் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

சூடாமணி பால்கனியில் இருந்தாள். அரக்குப் பட்டுப்புடவை. தலைப்பால் தலையையும் காதையும் சேர்த்துப் போர்த்தியிருந்தாள். தோட்டைத் தொலைத்தவள் முகம் அழுது வீங்கியிருக்க வேண்டும். இவள் ஏதோ பாட்டை மூக்காலேயே பாடிக்கொண்டிருந்தாள். அம்மாசியைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

"தோட்ட எங்க வெச்சீங்கம்மா?"

"குளிக்கறச்சே கழட்டி வெச்சேன். பாத்ரூம்ல. அப்புறம் ஸ்பாவுக்குப் போறச்சே போட்டுக்க மறந்துட்டேன்."

"எந்தப் பக்கம் வெச்சீங்க?"

"அதான்... சோப்புக்குப் பக்கத்துல. இல்லேன்னா கண்ணாடிக்குப் பக்கத்துல. கிடைச்சுடும். ராத்திரிக்குள்ள கிடைச்சுடும்."

"ராத்திரின்னு எப்படித் தெரியும்?"

"ஒரு நம்பிக்கைதான்," என்று அவள் கடலைப் பார்த்தாள்.

அந்த நேரம் கடல்காற்று வேகமாக வந்து தலைப்பை இழுத்தது. அவள் பிடிப்பதற்குள் ஒரு நொடி வலது காது தெரிந்தது. காது மடலின் துளையில் வைரம் இல்லை, தங்கமும் இல்லை. பழுப்பாக, மெல்லிசாக, கடுகு அளவுக்கு ஒரு குச்சியின் முனை தெரிந்தது.

அம்மாசி வெளியே வந்தார். "பாப்பா, தோடு போட்டுக்கினு கீற போட்டோ எதுனா வெச்சிக்கிறியா?" என்று ஷ்ரேயாவிடம் கேட்டார். அவள் நேற்று ராத்திரி மொட்டைமாடி ஓட்டலில் சாப்பிடும்போது எடுத்ததை சகினாவின் போனுக்கு அனுப்பினாள்.

நிலாவை ஊழியர்கள் உடை மாற்றும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையைப் பறித்துவிட்டதால், அது தொங்கிய இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நான் எதையும் எடுக்கல. பாத்ரூம்ல சோப்பாண்டயும் ஒண்ணுமில்ல, கண்ணாடியாண்டயும் ஒண்ணுமில்ல. அந்தம்மா ரெண்டு நாளா நான் போம்போதெல்லாம் 'சாப்ட்டியாடி'ன்னு கேப்பாங்க. அவங்கள்தப் போயி..."

"அழுவறத அப்பால வெச்சிக்க. ஒரு வேல செய். ஒரு தொடப்பம் எட்தா."

நிலா விழித்தாள். சகினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நைனா, கேஸ் முடியலன்னா அப்படியே சொல்லு. ஓட்டலப் பெருக்கிக் குடுத்துட்டுப் போறேன்னு கெளம்பாத."

"தென்னந்தொடப்பம். ஈர்க்குச்சி. இங்க கீதா, இல்லியா?"

"இங்க தொடப்பமே கெடயாது மாமா," என்றாள் நிலா. "தர கீறிக்கும்னு கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க. எல்லாம் மிஷினு. தோட்டத்து எலகூட மிஷின்ல ஊதித்தான் தள்ளுவாங்க."

"பல்லு குத்தற குச்சி?"

"அது வெள்ளையா, தடியா இருக்கும்."

அம்மாசி சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் ஒரு கோணல் சிரிப்பு வந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பெட்டிகள் ஜன்னல் வழியாகப் போவதற்கு முன்பு அவர் முகத்தில் வந்த அதே சிரிப்பு.

"சகினா, அந்தம்மா காதுல ஈர்க்குச்சி சொருவிக்கினு கீது. தாலி கட்டின பொம்பள, காத மூளியா வுடக் கூடாதுன்னு. தோட்டக் கழட்டினா ஒரு நிமிசம்கூட ஓட்டய சும்மா வுட மாட்டாங்க. வேற தோடு இல்லன்னா தொடப்பத்துலேர்ந்து ஒரு ஈர்க்க ஒடச்சி சொருவிக்குவாங்க. அப்ப தோட்டக் கழட்டின எடத்துல தொடப்பம் இருந்திருக்கணும். இங்க தொடப்பம் கெடயாது. இன்னா அர்த்தம்? தோட்ட வூட்லயே கழட்டி வெச்சிட்டு வந்துட்டாங்க. ஓட்டலுக்கே வரல தோடு! கேஸ் முடிஞ்சிது."

"சூப்பர் நைனா," என்று சகினா போனை நீட்டினாள். "நேத்து நைட்டு எட்டு அம்பது. இந்த ஓட்டல் மொட்டமாடி. பின்னால கடலு. அந்தம்மா காதப் பாரு, டியூப்லைட் கணக்கா எரியுது. அப்ப இது இன்னா?"

அம்மாசி போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். "போட்டோவ எல்லாம் இப்ப மாத்தறாங்க..."

"மாத்தறதா இருந்தா உன் காதுல மாட்டியிருப்பேனே. நெசம் நைனா இது. நேத்து ராத்திரி தோடு இங்கதான் இருந்துது. உன் கேஸ் பூட்ச்சி."

அம்மாசி போனைத் திருப்பிக் கொடுத்தார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது. நிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வேலையும் மானமும் ஒரு ஈர்க்குச்சியில் தொங்குவது அவளுக்கு இன்னும் புரியவில்லை.

"ராத்திரி தோடு இங்க," என்றார் அம்மாசி மெதுவாக. "காலைல காதுல ஈர்க்கு. ஓட்டல்ல தொடப்பம் இல்ல. அப்ப தொடப்பம் வரல; அந்தம்மா போயிருக்காங்க. தொடப்பம் கீற எடத்துக்கு!"

"ஸ்பாவுல?"

"ஸ்பாவுக்குப் போனவங்க எண்ணெ வாடையோட வருவாங்க மாமா," என்றாள் நிலா சட்டென்று நிமிர்ந்து. "மெத்த உறையெல்லாம் அடிக்கும். அந்தம்மா வரும்போது நான் வராண்டால இருந்தேன். மல்லிப்பூ வாடைதான்."

ஸ்பாவுக்குப் போன் போட்டதில், 407 மேடத்துக்காகக் காலை ஆறரை மணியிலிருந்து எண்ணெயைச் சூடு பண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்ததாகவும், மேடம் வரவே இல்லை என்றும் ஒரு பெண் வருத்தத்தோடு சொன்னாள்.

மீதியை சகினா பார்த்துக்கொண்டாள். சாந்தோம் ஸ்டாண்டில் ஷரீஃப் என்று அவளுக்கு ஒரு தோஸ்த். "ஷரீஃப் பாய், காலைல ஆறே கால் மணிக்கு நீலத்திரை முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு மாமி. அரக்குப் பட்டு. யாரு ஏத்தினது, எங்க எறக்கினது? குரூப்ல போடு. சீக்கிரம்."

நாலு நிமிஷத்தில் பதில் வந்தது. ஏற்றியது குலாம் ரசூல். இறக்கியது மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம். "அந்தம்மா மூணு தடவ திரும்பிப் பாத்துக்கினே எறங்குச்சு, யாரோ தொரத்தற மாதிரி," என்று குலாம் ரசூல் குரலிலேயே செய்தி.

"கல்யாண மண்டபம்!" என்றாள் சகினா. "தொடப்பத்துக்குக் கொறச்சலே இல்ல. சாப்பாட்டுக்கும்."

மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் வாழைமரம், உள்ளே அப்பளம் பொரிகிற வாசனை. சகினாவின் கண் பந்திப் பக்கம் போனது. அம்மாசி நேரே மாடிக்கு ஏறி, மணப்பெண் அறைக்குப் பக்கத்தில் சாமான் வைக்கும் அறைக்குள் நுழைந்தார். மூலையில் மஞ்சள் தடவிய ஒரு புதுத் துடைப்பம், இன்னும் பெருக்காதது. அடியில் குனிந்து பார்த்தார். எல்லா ஈர்க்கும் ஒரே நீளம். ஓரத்தில் இரண்டு மட்டும் முனை ஒடிந்து குட்டையாக இருந்தன.

"ரெண்டு காது, ரெண்டு ஈர்க்கு," என்றார்.

"யாரு நீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மடிசார் கட்டிய அம்மாள் ஒருத்தி இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்றாள். முகத்தில் சூடாமணியின் அதே மூக்கு. "மாப்பிள்ளை ஆத்துக்காராளா?"

"இல்லம்மா. நான் தொடப்பம் பாக்க வந்தவன். சூடாமணியம்மா தோடு எங்க?"

அவள் கை இடுப்புச் சாவிக்கொத்தைப் பற்றியது. "ஐயோ, அதுக்குள்ள தெரிஞ்சுடுத்தா?"

அவள் பெயர் குமுதவல்லி, சூடாமணியின் தங்கை. இன்றைக்குக் கல்யாணம் அவள் பெண் ஸ்ரீலக்ஷ்மிக்கு. சகினா சுருக்கமாக விஷயத்தைச் சொல்ல, குமுதவல்லி அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா தோடு அது. அம்மா அதைப் போட்டுண்டுதான் மணையில ஒக்காந்தா. அக்காவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஆனா எங்காத்துக்கும் அக்காவாத்துக்கும் ஒம்போது வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லை. ஷ்ரேயா கல்யாணத்துல எங்காத்துக்காரர் வாயை வெச்சுண்டு சும்மா இருக்காம, சம்பந்தி எதிர்ல காபி தண்ணியா இருக்குன்னு சொல்லிட்டார். அத்திம்பேருக்கு மானம் போயிடுத்து. 'இனிமே உங்காத்து வாசப்படி மிதிக்க மாட்டேன்'னுட்டார். இன்னிக்கு விடியக்காலம் அக்கா திருட்டுத்தனமா ஓடி வந்தா. ஸ்ரீலக்ஷ்மி காதைப் பாத்தா. வெறும் கல்லுத்தோடு. உடனே தன் காதுலேர்ந்து கழட்டி அவ காதுல போட்டுட்டா. 'ராத்திரி ரிசப்ஷன் முடிஞ்சதும் குடுத்தனுப்பு'ன்னா. காது மூளியா இருக்கப் படாதேன்னு நான்தான் ஈர்க்கை ஒடிச்சுக் குடுத்தேன்."

"ஒரு காப்பிக்கு ஒம்போது வருசம்," என்றாள் சகினா. "அது எவ்ளோ தண்ணியா இருந்திருக்கணும்!"

"ஒரு பொண்ணுக்குப் பழி வந்துடுத்துன்னு அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா மண்டபத்தையே தூக்கிண்டு போயிருப்பா. தோட்டைக் கழட்டித் தரேன், கொண்டு போங்கோ."

"என் கைல குடுக்காத," என்று அம்மாசி இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தார். "வைரத்த வெச்சிக்கினா நான் என்னயே நம்ப மாட்டேன். பொண்ணு வரட்டும். காதோட."

குமுதவல்லி எழுந்தாள். "வரோம். ஆனா அத்திம்பேர் காதுல மட்டும் விழாமப் பாத்துக்கோங்கோ," என்று சொல்லும்போது அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து அவசரமாக ஒளிந்தது.

"இந்தம்மா எல்லாத்தயும் சொல்லல," என்று அம்மாசி படியிறங்கும்போது சகினாவிடம் சொன்னார். "இன்னும் ஒண்ணு பாக்கி கீது."

"உனக்கு எப்பவும் ஒண்ணு பாக்கி. பந்தில எனக்கும்தான் பாக்கி."

மணப்பெண் என்றால் லேசில் கிளம்ப முடியுமா? சாஸ்திரிகள் ஒரு சடங்கு பாக்கி என்றார், மாமியார் நல்ல நேரம் பார்த்தாள், போட்டோக்காரர் இன்னும் பத்தே படம் என்றார். மூன்றரைக்குத்தான் ஆட்டோ புறப்பட்டது. பின்சீட்டில் கூறைப்புடவையில் ஸ்ரீலக்ஷ்மி, மாலையோடு மாப்பிள்ளை, நடுவில் குமுதவல்லி. முன்னால் சகினா, அவளுக்குப் பக்கத்தில் பாதி உட்கார்ந்து பாதி தொங்கிக்கொண்டு அம்மாசி. மாப்பிள்ளையின் மாலைப் பூ வழி நெடுக உதிர்ந்தது. ஒரு சிக்னலில் நின்றபோது பக்கத்து பஸ்ஸிலிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"நைனா, பொண்ணு மாப்பிள்ளைக்கே என் ஆட்டோல இடம் பத்தல. மீட்டர் போடறதா, மொய் வெக்கறதா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு!"

நாலு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஓட்டல் வாசலில் ஆட்டோ நின்றது. மீன் கூடைகள் மறுபடியும் நடுவுக்கு வந்திருந்தன. உள்ளே நடுக்கூடத்தில் ஸ்ரீநாத் போனைக் கையில் எடுத்திருந்தார். பக்கத்தில் நிலா நின்றிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முனியம்மாள் தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வையி," என்றார் அம்மாசி. "நாலாவது மாடிக்காரங்க எல்லாரயும் எறக்கு."

லிஃப்ட் திறந்தது. சூடாமணி முதலில் வந்தாள். மணப்பெண்ணைப் பார்த்தாள், அவள் காதில் எரிகிற தோட்டைப் பார்த்தாள், தலைப்பை இறுக்கிக்கொண்டாள்.

"அம்மா," என்றார் அம்மாசி. "இந்த நிலாப் பொண்ணு உன் தோட்டத் திருடிட்டான்னு காலைலேர்ந்து உக்கார வெச்சிக்கிறாங்க. கழுத்துல கெடந்த கார்டப் புடுங்கிட்டாங்க. இப்பப் போலீசக் கூப்புடப் போறாங்க. உனக்குத் தெரியுமா?"

சூடாமணி திரும்பி மகளைப் பார்த்தாள். "ஷ்ரேயா? என்னடி இது?"

"உனக்கு டென்ஷன் வேண்டாம்னுதாம்மா..."

"டென்ஷனா? என் பொய்க்கு ஒரு கொழந்தையை நிறுத்தி வெச்சிருக்கேளேடி!" அவள் தலைப்பை விட்டுவிட்டாள். இரண்டு காதிலும் ஈர்க்குச்சி எல்லாருக்கும் தெரிந்தது. "யாரும் திருடலை. நானேதான் கழட்டிப் போட்டேன். காலம்பற என் தங்கை பொண்ணு கல்யாணத்துக்குப் போனேன். ஆமாம், போனேன். யார் என்ன வேணா சொல்லிக்கோங்கோ!"

கடைசி வார்த்தையை அவள் பத்ரிநாராயணனைப் பார்த்துச் சொன்னாள். அவர் லிஃப்ட் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் பரீட்சை ஹால் மாதிரி இறுகியிருந்தது.

"எனக்குத் தெரியாம," என்றார் அவர். "ஒம்போது வருஷமா நான் கட்டிக் காத்துண்டு வர வைராக்கியத்தை, எனக்குத் தெரியாம..."

"ஐயா," என்று அம்மாசி குறுக்கே வந்தார். "உன் காலர்ல இன்னா?"

பத்ரிநாராயணன் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஷ்ரேயா எட்டி அந்த மஞ்சள் பருக்கையை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தாள்.

"லெமன் ரைஸ்னு நெனச்சேன்," என்றாள் சகினா.

"வெந்தா சோறு. இது வேவல. மஞ்ச தடவின பச்சரிசி. அட்சத," என்றார் அம்மாசி. "நூறு அயிட்டம் வெச்சும் ஒரு பப்பாளியோட எழுந்திரிச்ச மனுசன், அப்படி ஒரு ஏப்பம் வுட்டாரு. வாக்கிங் போனவரு மேல கடக்கரையில எவன் அட்சத போட்டான்?"

குமுதவல்லிக்கு அடக்க முடியவில்லை. சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. "அக்கா, நீ மாடியில, அவர் கீழ பந்தியில! ரெண்டு பேருமே 'அவாளுக்குத் தெரியப் படாது'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிண்டேள். நான் என்ன பண்ணுவேன்? தாலி கட்டறச்சே நீ பொம்மனாட்டிகளுக்குப் பின்னாடி, அத்திம்பேர் நாயனக்காரருக்குப் பின்னாடி. காசி அல்வா ரெண்டு தடவை கேட்டு வாங்கிண்டார்!"

"அப்பா!" என்றாள் ஷ்ரேயா. "அதுக்குத்தான் இந்த ஹோட்டல்தான் வேணும், இந்தத் தேதிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேளா? ஆத்துலேர்ந்தே போயிருக்கலாமே!"

"ஆத்துலேர்ந்து போனா உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுடுமே," என்றார் பத்ரிநாராயணன். பிறகு, கணக்கில் ஒரு படியை விட்டுவிட்ட மாணவன் மாதிரி, "அவா ஆத்து வாசப்படியைத்தான் மிதிக்க மாட்டேன்னேன். மண்டபம் வாடகை எடுத்தது. அது அவா வாசப்படி ஆகாது," என்று சேர்த்துக்கொண்டார்.

"காபி எப்படி இருந்தது அத்திம்பேர்?" என்று குமுதவல்லி கேட்டாள்.

பத்ரிநாராயணன் யோசித்தார். பொய் அவருக்குப் பழக்கமில்லை. காலையிலிருந்து சொன்னதே அதிகம்.

"தண்ணியா இருந்தது," என்றார்.

முதலில் சிரித்தது சூடாமணி. அடுத்தது குமுதவல்லி. மாப்பிள்ளை ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தான். ஒன்பது வருஷக் கணக்கு அதோடு தீர்ந்தது.

ஸ்ரீலக்ஷ்மி தோட்டைக் கழற்றக் காதுக்குக் கையைக் கொண்டுபோனாள். "கழட்டாதேடி, ரிசப்ஷன் முடியட்டும்," என்று சூடாமணி அதட்டிவிட்டு நேரே நிலாவிடம் போனாள். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடும்மா. உன்னை வெச்சுண்டு எனக்குத் தெரியாமலே ஒரு நாடகம் நடந்துடுத்து."

நிலா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீநாத் அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மேஜைக்கு அடியில் கொடுப்பது போல மெதுவாக நீட்டினார்.

"இங்க வேணா," என்றார் அம்மாசி. "புடுங்கும்போது எத்தினி பேரு பாத்தாங்க? வெளிய வா. அவங்க ஆத்தா எதுருல மாட்டு."

வாசலில், பதினோரு மீன் கூடைகளுக்கு முன்னால், கோட்டுப் போட்ட ஸ்ரீநாத் அட்டையை நிலாவின் கழுத்தில் மாட்டினார். "சாரி நிலா," என்றார். அந்த ஒரு முறை அவர் உதட்டில் சிரிப்பு இல்லை.

"சாரி இருக்கட்டும் சார்," என்றாள் நிலா. "நாளைக்கு 407 யாருக்கு?"

"உனக்குத்தான்."

"ஆர்டரு?"

"காலைல. என் கையால."

முனியம்மாள் எழுந்து நின்று, சேலைத் தலைப்பால் மகளின் முகத்தை முரட்டுத்தனமாகத் துடைத்தாள். குப்பத்துப் பெண்கள் போட்ட சத்தத்தில் ஏழு மாடிக் கண்ணாடியும் அதிர்ந்தது.

ஸ்ரீநாத் அம்மாசியின் பக்கம் வந்தார். "சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. ஒரு ராத்திரி எங்க விருந்தாளியா தங்கணும். கடல் பாத்த ரூம்."

"தங்கறோம் சார்!" என்றாள் சகினா.

அம்மாசி கூடத்துக் கண்ணாடிச் சுவர் வழியாகக் கடலைப் பார்த்தார். அலை வந்தது, போனது. சத்தமே இல்லை. "இந்தக் கண்ணாடி இன்னாத்துக்கு?"

"காத்து, உப்பு, வாடை எதுவும் உள்ள வராது சார்."

"அத்தயெல்லாம் எட்த்துட்டா அது கடலா? காலண்டரு. எனக்கு வேணா."

வெளியே வந்தவரை முனியம்மாள் மறித்தாள். கூடையிலேயே பெரிய வஞ்சிரமாக ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "இந்தா அண்ணே. இத்த மட்டும் வேணான்னு சொல்லிராத."

அம்மாசி மீனை வாங்கினார். கட்டைவிரலால் செவுளைத் தூக்கி உள்ளே பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இன்னிக்கி வந்துதா, நேத்து வந்துதா?"

"யோவ்! எம் பொண்ணக் காப்பாத்தினதுக்குக் குடுக்கறேன். எனக்கே செவுளத் தூக்கிப் பாக்கறியா?"

"காலைலேர்ந்து வெயில்ல வெச்சிக்கினு கீற."

"அடில ஐஸ் கீதுய்யா!"

"ஐசுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க," என்றார் அம்மாசி. மீனை வாலில் பிடித்துத் தொங்கவிட்டபடி ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார்.

"நைனா, ஆட்டோல வா!" என்று சகினா கத்தினாள். "இன்னும் இன்னா சந்தேகம் உனக்கு?"

அவர் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"அந்தத் தோடு," என்று போகிற போக்கில் சொன்னார். "ஊரே வைரம் வைரம்னுது. எவனாவது வெளிச்சத்துல வெச்சிப் பாத்தானா?"